தண்ணீர் போகவில்லை என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

துணியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்க, வாஷிங் மெஷின் பாதியில் நின்று பீப் பீப் என்று கத்திவிட்டு இரண்டு எழுத்தைக் காட்டும். கையேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினால் அந்த எழுத்துக்கு நேரே ‘தண்ணீர் வெளியேறவில்லை’ என்று இருக்கும். பம்ப் போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். வருகிற மெக்கானிக்கும் பல நேரம் அதே முடிவோடு, பையில் புதுப் பம்ப்போடுதான் வருவார்.

பம்ப் சுற்றுகிறதா இல்லையா என்பது பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியாது. பம்புக்குக் கரன்ட் கொடுத்தது தெரியும். கொடுத்துச் சில நிமிடம் ஆகியும் நீர்மட்டம் இறங்கவில்லை என்பது தெரியும். அவ்வளவுதான். உள்ளே ஒரு ரூபாய் காசு மாட்டியிருக்கலாம், ஹோஸ் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே நசுங்கியிருக்கலாம், பம்பின் சுருள் எரிந்திருக்கலாம். தண்ணீரெல்லாம் ஒழுங்காகப் போன பிறகும், மட்டம் பார்க்கும் குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டு ‘இன்னும் இருக்கிறது’ என்று பொய் சொல்லலாம். இந்த நான்குக்கும் திரையில் வருவது ஒரே எழுத்து.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினால் உணர முடிந்தவை மிகக் கொஞ்சம்: நீர்மட்டம், டிரம்மின் வேகம், கதவு பூட்டியிருக்கிறதா என்பது, ஹீட்டர் இருந்தால் தண்ணீரின் சூடு. கூடவே ஒரு கடிகாரம். எரர் கோட் என்று நாம் படிப்பதெல்லாம் ஏறக்குறைய இந்த ஐந்திலிருந்து பிறப்பவைதான். ‘இவ்வளவு நேரத்துக்குள் இது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை’ என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை. எந்தப் பாகம் போச்சு என்று கேட்பதை விட்டுவிட்டு, இது எதற்காகக் காத்திருந்தது, அந்தச் செய்தி ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டால் வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடிய பழுதுகள் நிறைய.

நீர்மட்டத்தை முதலில் பார்ப்போம். குழப்பத்தில் பெரும்பங்கு அங்கேதான். சோப்பும் நூலும் முடியும் சுழலும் தொட்டிக்குள் மிதவை வைத்தால் சீக்கிரமே சிக்கிக்கொள்ளும். அதனால் மெஷின் தண்ணீரைத் தொடாமலே அதை அளக்கிறது. காலி டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஆழம் கூடக் கூட அந்தக் காற்று நெருக்கப்படும். தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு அறை இருக்கிறது, அதுதான் இங்கே டம்ளர். அதன் தலையிலிருந்து விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு குழாய் மேலே ஏறி, மெஷினின் உச்சியில் உள்ள வட்டமான டப்பா ஒன்றில் முடிகிறது. தொட்டியில் தண்ணீர் ஏறும்போது குழாய்க்குள் சிக்கிய காற்றின் அழுத்தமும் ஏறும். 10 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சுமார் 1 கிலோபாஸ்கல்; நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு மெல்லிய அழுத்தத்துக்கு டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு உப்புகிறது. பழைய மெஷின்களில் அது ஒரு ஸ்விட்சைத் தட்டும். காது கொடுத்தால் ‘டிக்’ என்று கேட்கும். இப்போது வருபவற்றில் சவ்வோடு சேர்ந்து ஒரு ஃபெரைட் துண்டு கம்பிச் சுருளுக்குள் நகர்கிறது. சுருள் உள்ள மின்சுற்றின் அதிர்வெண் அதனால் மாறுகிறது. போர்டில் உள்ள சிப் அந்த அதிர்வெண்ணை எண்ணி ‘இவ்வளவு தண்ணீர்’ என்று தெரிந்துகொள்கிறது. எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று மெல்லக் கசிந்துவிடும். தொட்டி நிறைந்திருக்கும், மெஷினோ காலி என்று நினைத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கும். நேர்மாறாக, அடி அறையில் சோப்புக் கசடு அடைத்துக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். தொட்டி காலியான பிறகும் தண்ணீர் இருப்பதாகவே மெஷின் நம்பும். பம்பை ஓட விட்டுக்கொண்டே இருக்கும், ஸ்பின்னுக்கு மட்டும் போகாது.

சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினால் பெரும்பாலான ஃபிரன்ட் லோடுகளில் அந்த டப்பா கண்ணுக்குத் தெரியும். குழாயை அதிலிருந்து உருவி, குழாய்க்குள் வாயால் ஊதினால் கீழே தொட்டியில் காற்று தடையில்லாமல் போக வேண்டும். அடைப்பு இருந்தால் முதலில் முரண்டு பிடித்துப் பிறகு விட்டுக்கொடுக்கும். சைக்கிள் பம்ப்பை டப்பாவின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். 1 கிலோபாஸ்கலுக்கு அசையும் சவ்வு அது, கிழிந்துவிடும்.

இனி அந்தப் பம்ப். ஃபிரன்ட் லோடின் முன்புறம் கீழே ஒரு சிறு கதவு இருக்கும், அதற்குள் திருகிக் கழற்றும் பில்டர். வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்க்காத வீடுகள் ஏராளம். திறக்கும் முன் ஒரு தட்டும் பழைய துணியும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொட்டும், சுடுதண்ணீர் ஓட்டியிருந்தால் சூடாகவே கொட்டும். சில்லறைக் காசு, ஊக்கு, ஹேர்பின், பேனா மூடி, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் என்று என்னென்னவோ வரும். எடுத்த பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பம்பின் இறக்கைகள் தெரியும். பிளக் பிடுங்கியிருக்கும்போது விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாது, இடையிடையே சுண்டிச் சுண்டி நகரும். இதைப் பார்த்து மாட்டிக்கொண்டது என்று பயந்து பம்பை மாற்றியவர்கள் உண்டு. உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம். அது இரும்புத் துருவங்களுக்கு நேராக நிற்க இழுப்பதால் அப்படித்தான் சுண்டும்.

அந்தச் சின்ன மோட்டாரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுவதால், இரு துருவக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும். ஆனால் கரன்ட் வந்த கணத்தில் வலப்பக்கம் கிளம்புவதா இடப்பக்கமா என்பதை முடிவு செய்ய அதனிடம் எதுவுமில்லை. எந்தப் பக்கம் வாகாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இதனாலேயே இறக்கைகளை வளைக்காமல் நேராக வைக்கிறார்கள். எப்படிச் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ள வேண்டுமே. நின்ற இடத்திலிருந்து தண்ணீரின் பளுவோடு கிளம்பவும் அதற்குத் தெம்பு போதாது. ஆகவே காந்தத்துக்கும் இறக்கைக்கும் நடுவே கிட்டத்தட்ட அரைச் சுற்று ‘லூஸ்’ விட்டிருப்பார்கள். காந்தம் முதலில் வெறுமனே திரும்பி, வேகம் பிடித்து, அப்புறம்தான் இறக்கையை இடித்துக் கூட்டிப்போகும். அந்த இடைவெளியில் முடியோ நூலோ சுற்றிக்கொண்டால் மோட்டார் ‘உம்ம்’ என்று முனகும், கிளம்பாது. பம்ப்பில் எந்தக் குறையும் இல்லாமலே பம்ப் போன மாதிரி தெரியும்.

ஆக, வடிக்கும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டால் போதும். முனகல் மட்டும் கேட்டால் சிக்கல். சத்தமே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது கரன்டே வரவில்லை. மல்டிமீட்டர் உள்ளவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பின் இரண்டு முனைகளில் அளந்தால் பொதுவாக 100 முதல் 200 ஓம் வரை காட்டும். நன்றாக ஓடும் சத்தம் கேட்டும் தண்ணீர் போகவில்லை என்றால் பழுது பம்புக்கு அப்பால், ஹோஸில் இருக்கிறது.

மேலே ஏறும் ஹோஸ் இன்னொரு கூத்தும் செய்யும். ஃபிரன்ட் லோடின் வடிகால் ஹோஸ் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும் என்று கையேடு சொல்லும். நம் வீடுகளில் அதைக் குளியலறைத் தரை ஓட்டைக்குள் இறுக்கிச் செருகிவிடுகிறோம். ஹோஸின் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, காற்று புகவும் வழியில்லாமல் போனால், சைஃபன் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மேலே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், கீழே அதுபாட்டுக்கு வழிந்துகொண்டே இருக்கும், பம்ப் ஓடாமலே. மட்டம் உயரவில்லை என்பது மட்டும்தானே மெஷினுக்குத் தெரியும்? காத்திருந்து பார்த்துவிட்டு ‘குழாயில் தண்ணீர் வரவில்லை’ என்று கோட் காட்டும். குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருக்கும்போதே! வடிகாலில் இருக்கும் கோளாறுக்கு வரவின் மேல் பழி. கோட் சொல்வதை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டாப் லோடு வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. நம்மூரில் விற்கும் டாப் லோடுகள் பலவற்றில் பம்பே கிடையாது. அடியில் ஒரு வால்வு, அதை இழுத்துத் திறக்க ஒரு சிறு ‘டிரெயின் மோட்டார்’. தண்ணீர் தன் எடையாலேயே இறங்கிப் போகும். இங்கே ஹோஸ் தரையோடு படுத்திருக்க வேண்டும். படி ஏறி இறங்கும்படி வைத்தால் அந்தப் படி உயரத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் அப்படியே நிற்கும். அந்த மோட்டார் இழுக்கும்போது வால்வோடு சேர்ந்து கிளட்சின் லீவரும் நகரும். துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாறுவது அப்படித்தான். ஆகவே வடியவும் இல்லை, ஸ்பின்னும் ஆகவில்லை என்று இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால் முதல் சந்தேகம் அந்த மோட்டார்மேல் விழ வேண்டும்.

உண்மையிலேயே தண்ணீர் வராத சமயங்களும் உண்டு. இன்லெட் ஹோஸ் மெஷினோடு சேரும் இடத்தில் விரல்நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். போர் தண்ணீரின் மணலும் டேங்க்கின் பாசியும் அதில் வந்து தங்கும். குறட்டால் மெல்லப் பிடித்து உருவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் தீரும் புகார்கள் நிறைய. தீராவிட்டால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மெஷின்கள் மாடலைப் பொறுத்துக் குறைந்தபட்சம் 0.3 பாரிலிருந்து 1 பார் வரை கேட்கின்றன. மொட்டை மாடி டேங்க்கின் அடி, மேல் மாடி வீட்டின் குழாயிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார். அதே மெஷின் தரைத்தளத்து வீட்டில் குறையில்லாமல் ஓடும், மேல்மாடிக்குக் குடிபோனதும் கோட் காட்டும். வால்வை மாற்றிப் பயனில்லை. டேங்க்கை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். டேங்க் பாதி காலியான மாலை நேரத்தில் மட்டும் கோட் வருகிறதா என்று கவனித்தாலே இதை உறுதி செய்துவிடலாம்.

வால்வு ஏன் அழுத்தம் கேட்கிறது? குழாய்த் தண்ணீரை நேரடியாகத் தடுத்து நிறுத்தவும் திறந்துவிடவும் அதிலுள்ள சின்ன மின்காந்தத்துக்கு வலு இல்லை. அதனால் தண்ணீரின் வலுவையே கடன் வாங்குகிறார்கள். வழியை அடைத்துக்கொண்டு ஒரு ரப்பர் வட்டு உட்கார்ந்திருக்கும். அதிலுள்ள நுண்துளை வழியே தண்ணீர் வட்டின் முதுகுப்பக்கம் போய் அதை அழுத்தி மூடி வைக்கிறது. மின்காந்தம் செய்வதெல்லாம் வட்டின் நடுவில் உள்ள இன்னொரு சிறு துளையின் அடைப்பானைத் தூக்குவதுதான். முதுகின் அழுத்தம் வடிந்துபோக, கீழே இருக்கும் தண்ணீர் வட்டைத் தள்ளித் திறந்துகொள்கிறது. திறப்பதும் மூடுவதும் இரண்டுமே தண்ணீரின் அழுத்தத்தை நம்பியிருப்பதால், அழுத்தம் ரொம்பக் குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் சொட்டவும் செய்யும். நுண்துளையில் மணல் அடைத்தாலும் அதே கதி.

மெஷின் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் ஏறுகிறது, அல்லது நிரம்பியும் நிற்காமல் ஏறுகிறது என்றால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வால்வில் அழுக்கு. நின்றுவிட்டால் வால்வு சொன்னதைக் கேட்கும் வால்வுதான்; ‘இன்னும் வேண்டும்’ என்று கட்டளையிடும் பக்கம் தப்பு, அதாவது பெரும்பாலும் மேலே சொன்ன காற்றுக் குழாய்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஃபிரன்ட் லோடுகளில் பூட்டை இயக்குவது சூடு. உள்ளே ஒரு சிறு வெப்பத் துண்டு ஈருலோகத் தகட்டைச் சூடாக்கி வளைக்க, பூட்டு விழுகிறது. துவைத்து முடிந்த பின் அது ஆறி நிமிர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இழுத்துத்தான் கைப்பிடியை உடைக்கிறோம்.

ஸ்பின்னில் மெஷின் திணறினால் அதன் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம்மில் ஒரு பக்கம் 1 கிலோ ஈரத்துணி கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது டிரம்மை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 4000 நியூட்டன், 400 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 20 முறை திசை மாறிச் சுற்றும். 1937இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டுக்கான முதல் தானியங்கி ஃபிரன்ட் லோடை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நகர்ந்துபோய்விடும். இன்றைய மெஷின்களில் தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது, அதோடு கான்கிரீட் கட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஃபிரன்ட் லோடைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனத்தின் காரணம் இப்போது விளங்கும்.

எடை ஒருபக்கமாக இருப்பதை மெஷின் எப்படி அறிகிறது? இங்கேயும் நேரடியாக அல்ல. அந்த டிரம் நிமிடத்துக்கு 60 சுற்றைத் தாண்டும்போது மேலே போகும் துணி கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். (துவைக்கும்போது வேகத்தை அதற்குச் சற்றுக் கீழே வைப்பார்கள், துணி விழுந்து அடிபட்டால்தானே அழுக்குப் போகும்.) ஒட்டிய நிலையில், கனமான பக்கம் மேலே ஏறும்போது டிரம் லேசாக வேகம் குறையும், இறங்கும்போது கூடும். மோட்டாரின் வேக உணரி இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அளவிடுகிறது. அதிகமாக இருந்தால் துணியை உதறி மறுபடி பரப்பும். சில முறை பார்த்துவிட்டுக் கைவிடும். ஒரே ஒரு ஜமுக்காளம், ஒரே ஒரு மிதியடி என்று போட்டால் அதைப் பரப்ப வழியே இல்லை. கூட நாலு துண்டு போட்டால் சமாதானமாகும். பெட்ஷீட் மூட்டையாகி மற்ற துணிகளை விழுங்கிக்கொள்வதும் தினமும் நடப்பதே. ரெயின்கோட், தார்ப்பாய் போன்றவற்றை மட்டும் ஸ்பின்னில் போடவே கூடாது. அவை பல லிட்டர் தண்ணீரைப் பையாகப் பிடித்து வைத்திருந்து, முழு வேகத்தில் திடீரென்று விட்டுவிடும். தொட்டி உடைந்து மெஷின் சிதறும் விபத்துகளின் காரணங்களில் அது ஒன்று.

டாப் லோடில் டிரம்மின் விளிம்பில் உப்புத் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் வளையம் இருக்கும். தொட்டியின் இயல்பான ஆட்ட வேகத்தைத் தாண்டியதும் அந்த நீர் தானாகவே கனமில்லாத பக்கம் போய்ச் சேர்ந்து சமன் செய்துகொள்கிறது. வளையம் விரிசல் விட்டு நீர் ஒழுகிவிட்டால், எவ்வளவு அடுக்கி வைத்தாலும் மெஷின் ஆடிக்கொண்டேதான் இருக்கும். நான்கு மூலைகளிலும் தொட்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்தாலும் இதே ஆட்டம். தொட்டியைக் கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டால் ஓரிரு அசைவில் அடங்க வேண்டும். ஊஞ்சலாடினால் ராடு போச்சு. புது மெஷின் முதல் நாளே அறையில் நடந்தால் பின்புறம் பாருங்கள்: லாரியில் வரும்போது தொட்டி ஆடாமலிருக்க மாட்டிய டிரான்சிட் போல்ட்டுகளை எடுக்க மறந்திருப்பார்கள்.

ஸ்பின் ஆகாததற்கு நுரையும் காரணமாகும். கையால் துவைக்கும் பவுடர் நுரைப்பதற்கென்றே செய்தது. நுரை வந்தால்தான் நமக்குத் திருப்தி. ஃபிரன்ட் லோடில் அந்த நுரை தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சுற்றலைப் பிடித்து இழுக்கும், பம்பில் காற்றை நிரப்பும், காற்று அறையையும் ஏமாற்றும். பழுது என்று எதுவுமே இல்லாமல் மூன்று வித எரர் கோட்டைக் கிளப்ப வல்லது ஒரு கரண்டி பவுடர்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது, ஏனென்றால் அதற்கு எந்த உணர்வும் கிடையாது, டைமர் மட்டும்தான். கோட் காட்டாது, பொய்யும் சொல்லாது. ‘மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது’ என்பதுதான் அதன் வாடிக்கையான நோய். ஒற்றை ஃபேஸ் மின்சாரம் தரும் காந்தப் புலம் சுழலாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஊசலாடும். இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கெபாசிட்டர் சற்று முந்தச் செய்வதால்தான் சுழற்சி பிறக்கிறது. கெபாசிட்டர் வலுவிழந்தால் உறுமல் மட்டும் மிஞ்சும். துவைக்கும் மோட்டாரின் இரண்டு சுருள்களும் சமம். டைமர் கெபாசிட்டரை இந்தச் சுருளுக்கும் அந்தச் சுருளுக்குமாக மாற்றி மாற்றித்தான் இடமும் வலமும் சுற்ற வைக்கிறது. ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் சுற்றாவிட்டால் கெபாசிட்டர் நன்றாக இருக்கிறது, டைமரின் தொடுமுனையில் கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். பிழியும் பக்கம் மட்டும் உறுமினால் கெபாசிட்டரைத் தொடும் முன் மூடியோடு இணைந்த பிரேக் கம்பியைப் பாருங்கள். அது விடுபடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஷாக் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஈரக்கையால் தொட்டால் ‘சுர்’ என்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது. ‘போர்டு போயிருக்கும்’ என்று சிலர், ‘எல்லா மெஷினும் அப்படித்தான்’ என்று சிலர். மின் இரைச்சல் வெளியே போகாமலிருக்க மெஷினுக்குள் ஒரு வடிகட்டிச் சுற்று வைத்திருக்கிறார்கள். ஃபேஸிலிருந்து உடலுக்கு ஒரு சிறு கெபாசிட்டர், நியூட்ரலிலிருந்து உடலுக்கு இன்னொன்று. எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் மெஷினின் உடல் இரண்டுக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். அதாவது மெஷின் நன்றாக இருந்தாலும் ‘சுர்’ வரும். அது சொல்லும் செய்தி, உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பது. கோடையில் எர்த் குழி காய்ந்திருக்கலாம், பிளக் பாயிண்டில் எர்த் கம்பியே இணைக்காமல் விட்டிருக்கலாம். இன்றைக்குக் கசிவது கெபாசிட்டர் வழியாகவா, ஓட்டை விழுந்த ஹீட்டர் வழியாகவா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவதாக இருந்தால் ஆளைக் கொல்லும். எர்த் கம்பியை நியூட்ரலோடு முடிந்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று கிளம்பும் எலக்ட்ரீஷியனை அன்றே மாற்றுங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷினின் உடல் முழுதும் 230 வோல்ட் வந்துவிடும்.

எர்த் ஒழுங்காக உள்ள வீட்டில் ஆபத்தான கசிவு வேறு விதமாகத் தெரியும்: கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகும். எப்போது டிரிப் ஆகிறது என்று கவனித்தால் துப்புக் கிடைக்கும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் ஒன்றுமில்லை, சுடுதண்ணீர் வைத்தால் மட்டும் டிரிப் என்றால் ஹீட்டர்தான். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் ஹீட்டர்மேல் சுண்ணாம்புப் படிவு கட்டும். சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கி, உறை வெடிக்கும். 2000 வாட் ஹீட்டரின் தடை 26 ஓம் அளவில் இருக்கும். அதன் முனைக்கும் உடலுக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டக் கூடாது. படிவைக் கரைக்கக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல் சுடுதண்ணீரில் ஓட்டலாம்.

வீட்டில் கைவைக்க முடியாத பழுது பியரிங். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, உள்ளே நீர் புகுந்து, கிரீஸைக் கழுவிவிடும். ஸ்பின்னில் வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடும். டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தொட்டியோடு சேர்ந்து ஆடாமல் தனியாக லொடலொடத்தால் சந்தேகமே வேண்டாம். டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கை அலுமினியச் சட்டமும் இதே காலத்தில் நைந்து போயிருக்கலாம். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் படரும் மெல்லிய ஆக்சைடு. சோப்பின் காரம் அதைக் கரைக்கிறது, பக்கத்திலேயே இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அரிப்பை விரைவுபடுத்துகிறது. இப்போது பல மாடல்களில் தொட்டியின் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் பியரிங்குக்காகத் தொட்டியையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரிப் பாகங்கள், அந்த மாடல் கடைசியாக விற்பனைக்கு வந்த பின் 10 ஆண்டுகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒட்டிய தொட்டிக்கு அந்த விதியாலும் பெரிய விடிவு இல்லை.

மிச்சமிருப்பது போர்டு. எதுவும் புரியாதபோது அதன்மேல்தான் பழி விழுகிறது, மெஷினின் விலையில் நல்ல பங்கையும் அது கேட்கிறது. போர்டை மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். வால்வின் சுருளை அளந்தார்களா? அது 4000 ஓம் சுற்றுவட்டத்தில் இருக்கும். காற்றுக் குழாயை ஊதிப் பார்த்தார்களா? எலி கடித்த ஒயர் எதுவும் இல்லை என்று பார்த்தார்களா? மூன்றும் சரி, அப்படியும் பாகங்களுக்குக் கரன்ட் போகவில்லை என்றால் போர்டுதான். ரிலேயின் முனை கருகியிருக்கும், பல்லி குறுக்கே விழுந்து கருக்கியிருக்கும். அதை நீங்களே திறந்து பார்ப்பதானால் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடமாவது பொறுங்கள். இன்வெர்ட்டர் மெஷின்களின் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டர்கள் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். மாற்றிய பழைய போர்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிலே மட்டும் போயிருந்தால் போர்டு ரிப்பேர் கடைக்காரர் புது போர்டின் விலையில் சிறு பங்குக்கு அதை மாற்றித் தருவார்.